ஒன்பதாயிரம் என்ற குசினி

எங்கள் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் முடித்ததும் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவியின் வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஆகவே கல்முனையில் நாங்கள் இருந்த வீடு, கிணறும் நாலைந்து தென்னையும் ஒழுகுகிற பின்கூரையும் உட்பட, நான் பிறந்த நாளிலிருந்தே என்னுடையது. எனக்கு அந்த வீட்டுக்குள் வேண்டியிருந்தது ஒரேயொரு சாமான். அது என் காக்காவுடையது, அதாவது அண்ணனுடையது.

எண்பதுகளின் நடுவில் காக்கா குவைத்திலிருந்து கொண்டுவந்த கொம்பியூட்டர் அது. சப்பாத்துப் பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. எழுத்துக் கட்டைகளும் மூளையும் ஒரே உடம்பில் இருக்கும். வயரை டீவியில் மாட்டினால் படம் வரும். எழுதியதைப் பாட்டுக் கேட்கிற கெசட்டிலேயே பதிந்து வைக்க வேண்டும். உம்மா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது என்னத்த அரைக்கும்?" என்று கேட்டார். காக்காவுக்கும் தெரியாது. அங்கே கூட வேலை செய்த ஒருவர் ஊருக்குப் போகும்போது இவர் தலையில் கட்டிவிட்டுப் போன சாமான் அது.

நான் அப்போது கணிதத்தில் உயர்தரப் பரீட்சை எழுதி, பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சம் புள்ளி போதாமல் வீட்டில் இருந்தேன். எங்கள் ஊரில் இதற்கு 'சும்மா இருக்கிறாள்' என்று சொல்வார்கள். சும்மா இருக்கிறவளுக்கு விடிய எழும்பி சுபஹ் தொழுத கையோடு வேலை தொடங்கும். கூட்டுவது, தேங்காய் திருவுவது, நெல் அவிப்பது, அவித்ததைக் காயப்போட்டுக் காகம் விரட்டுவது. இவற்றுக்கு நடுவில் கொம்பியூட்டரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். காக்கா கொஞ்ச நாள் அதில் பந்தடித்து விளையாடினார். பிறகு அலுத்துப்போய் என்னிடம் விட்டுவிட்டார்.

காக்கா கடைத்தெருவில் ஒரு வீடியோக் கடை போட்டார். கலியாண வீடுகளுக்குக் கமரா கொண்டுபோய்ப் படம் எடுப்பார். அந்த நேரம் ஊர் முழுக்க வீடியோ மோகம். மோகத்தோடு ஒரு சிக்கலும் இருந்தது. பல வீடுகளில் பெண்ணைப் படம் எடுக்க விடமாட்டார்கள். மாப்பிள்ளை வருவார், பந்தல் வரும், பலர் சுற்றியிருந்து ஒரே தட்டில் உண்ணுகிற சகன் சாப்பாடு வரும், அந்தச் சகனில் யார் யாருக்கு எத்தனை துண்டு இறைச்சி விழுந்தது என்பது வரைக்கும் வரும். பெண் மட்டும் வரமாட்டாள். அவளுக்காகத்தான் இத்தனையும் நடக்கிறது.

ஒரு நாள் ஒரு பெண்ணின் தாய்மாமன் கடைக்கு வந்து, "பொண்ணக் காட்டக் கூடா தம்பி. பேரப் போடுங்க. வடிவாப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

காக்கா மட்டையில் எழுதிப் படம் எடுத்துப் பார்த்தார். காக்காவின் கையெழுத்தில் பெண் வடிவாக வரவில்லை. அந்த ஆத்திரத்தோடு வீட்டுக்கு வந்தவர், நான் டீவியில் ஒரு பூ வரைந்து வைத்திருந்ததைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். "இதுக்குப் பக்கத்தில பேரு போட ஏலுமா?" என்றார். ஏலும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது அது எவ்வளவு பெரிய வில்லங்கம் என்று.

அந்தக் கொம்பியூட்டருக்குத் தமிழ் தெரியாது. பூவும் தெரியாது. திரையில் இந்த இடத்தில் ஒரு புள்ளி வை என்றால் வைக்கும், அவ்வளவுதான். முதல் பெண்ணின் பெயரைப் புள்ளி புள்ளியாக வைத்து முடித்தேன். மேலே இறைவன் பெயரால் தொடங்குகிற பிஸ்மி, பிறகு பெயர், இரண்டு ரோசாப்பூ, ஒரு பள்ளிவாசல் மினாரா. காக்கா அதை டீவியிலிருந்தே கமராவால் பிடித்து வீடியோவில் சேர்த்தார். ஊரே மெச்சியது. அடுத்த பெண்ணுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டி வந்தது, ஏனென்றால் எது பூவின் புள்ளி, எது பெயரின் புள்ளி என்று எனக்கே தெரியவில்லை. அதற்கடுத்த பெண்ணுக்குப் பெயர் நீளம். எனக்கு அழுகையும் வந்தது, அந்தப் பெண்ணின் வாப்பா மேல் கோபமும் வந்தது. சின்னதாக ஒரு பெயர் வைத்திருக்கக் கூடாதா மனிசன்.

அந்தக் கோபத்தோடு குசினி அடுப்படியில் நின்றிருந்த ஒரு நாள் முன்மண்டபத்துக்குப் பெரிய மாமா வந்தார். "தேத்தண்ணி ஒண்டு கிடைச்சா நல்லம்" என்று பொதுவாகச் சொன்னார். வாப்பா அதைக் கதவுப் பக்கம் திரும்பிச் சொன்னார். உள்ளறையில் இருந்த உம்மா அதைப் பின்விறாந்தைக்குச் சொன்னார். பின்விறாந்தையிலிருந்து அது குசினிக்கு வந்தது. நான் அடுப்பை ஊதினேன். தேத்தண்ணி அதே வழியால் திரும்பிப் போனது. பெரிய மாமா எங்கள் வீட்டில் எத்தனையோ வருடமாகத் தேத்தண்ணி குடிக்கிறார். எங்கள் குசினிக் கதவு எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது. தெரியத் தேவையுமில்லை. விறகடுப்பை எடுத்துவிட்டு மண்ணெண்ணெய் அடுப்பு வைத்தாலும் அவருக்கு வருவது தேத்தண்ணிதான்.

அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் போய் எழுதத் தொடங்கினேன். அன்று சோறு கரிந்தது. அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுதவில்லை.

கொம்பியூட்டருக்கு எழுதுகிற பேசிக் மொழியில் அந்தக் காலத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு. இன்ன எண்ணுக்குப் போ, அங்கேயுள்ள வேலையைச் செய், விட்ட இடத்துக்குத் திரும்பி வா என்று சொல்லலாம். நான் எண்களை வீட்டைப் போலப் பிரித்தேன். ஒன்பதாயிரம் குசினி. திரையின் நினைவகத்தைத் தொடுகிற உரிமை அதற்கு மட்டும்தான். அதன் வேலை ஒரு புள்ளி வைப்பது. ஏழாயிரம் பின்விறாந்தை. அங்கே கோடும் வளைவும் நடக்கும். புள்ளி வேண்டுமென்றால் குசினியிடம் கேட்கும். ஐயாயிரம் உள்ளறை. தமிழ் எழுத்துகள், ரோசாப்பூ, பிறை, மினாரா எல்லாம் அங்கே. கோடு வேண்டுமென்றால் பின்விறாந்தையிடம் கேட்கும். ஆயிரம் முன்மண்டபம். இன்ன பெண், இன்ன மாப்பிள்ளை, பூ இந்தப் பக்கம், மினாரா அந்தப் பக்கம் என்று சொன்னால் போதும். முன்மண்டபம் காக்காவுடையது. மற்ற மூன்றும் என்னுடையது.

சட்டம் ஒன்றே ஒன்று. ஒருவர் தனக்கு அடுத்திருக்கிற அறையிடம் மட்டும்தான் கேட்கலாம். நடுவில் பாயக் கூடாது.

சட்டை வந்த சேட்டுப் பெட்டி மட்டையில் காக்காவுக்காக எழுதி டீவிக்கு மேலே சாத்தி வைத்தேன். ரோசாப்பூவுக்கு எந்த எண், கூப்பிட முன்னர் இடத்தையும் அளவையும் எப்படிச் சொல்வது, மினாராவுக்கு எந்த எண், அதற்கு உயரம் எப்படிச் சொல்வது. கடைசியில், 'பூ எப்படி வருகுது என்று கேட்க வேண்டாம்' என்று எழுதினேன். காக்கா அதை வாசித்துவிட்டு, "நீ பெரிய வைஸ் சான்சலர்தான்" என்றார். ஆனால் அதற்குப் பிறகு நீளப் பெயரோ சின்னப் பெயரோ, ஒரு பின்னேரத்தில் முடிந்தது. காக்கா தட்டுவார், பூ வரும். பக்கத்து ஊர் மருதமுனையிலிருந்தும் வந்து கேட்டார்கள். ஊர் காக்காவுக்குக் 'கொம்பியூட்டர் மாஸ்டர்' என்று பெயர் வைத்தது.

எனக்கு எரிச்சலாக இருந்தது. கலியாணமாகாத ஒரு குமர்ப்பிள்ளை கடைத்தெருவில் போய் நின்று 'அது நான்' என்று சொல்கிற ஊரும் இல்லை அது. காக்காவும் கேட்கிறவர்களிடம் இல்லை என்றும் சொல்லமாட்டார், ஓம் என்றும் சொல்லமாட்டார். சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு காக்காவுக்குப் பக்கத்து ஊர் சாய்ந்தமருதில் பெண் பேசி முடித்தார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்குத் தூக்கம் போனது. காக்கா போனால் அவருடைய கமரா போகும், வீடியோ டெக் போகும், வீட்டு டீவியும் கடைக்குப் போகும், கொம்பியூட்டரும் போகும்.

உம்மாவிடம் சொன்னேன்: "ஊட்டக் காக்கா எடுக்கட்டும். அந்தப் பெட்டிய எனக்குத் தரச் சொல்லுங்க."

"விசர்க் கதை கதைக்காதகா. ஊடில்லாத குமர ஆர் முடிப்பான்?" என்றார் உம்மா.

காக்காவின் கலியாண வீடியோவுக்கு நானே எழுத்துப் போட்டேன். என் மதினியின் பெயரைச் சுற்றி இருந்ததிலேயே நல்ல பூக்களை வைத்தேன். கலியாணத்துக்கு அடுத்த கிழமை பெட்டியும் கெசட்டுகளும் சாய்ந்தமருதுக்குப் போயின. மட்டையை மட்டும் காக்கா மறந்துவிட்டுப் போயிருந்தார். நான் அதைப் பார்க்கக் கூடாதென்று அலுமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

கொஞ்ச நாளில் காக்கா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். மனைவி வீட்டு டீவி சீதனமாக வந்த பெரிய டீவி. அது படத்தின் மேல்பக்கத்தைத் தின்கிறது. மேலே இருப்பது பிஸ்மி. பாதிப் பிஸ்மிதான் தெரிகிறது. பாதிப் பிஸ்மியோடு யார் கலியாண வீடியோவை வாங்குவான்? வாற வெள்ளிக்கிழமை ஒரு பெரிய இடத்துக் கலியாணம் வேறு.

"நான் சரிப்படுத்தப் பாத்தன். பேரு கீழ வந்திச்சு. மினாரா வரல்ல. இப்ப பேருக்கு நடுவால பூ முளைக்கிது" என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. "குசினிக்குள்ள போனீங்களா?"

"கொஞ்சம் போனன்."

"என்னத்தத் தொட்டீங்க?"

"ஞாபகமில்ல."

அவர் முன்மண்டபத்தில் இருந்துகொண்டே நேரடியாகத் திரையின் நினைவகத்துக்குள் கையை விட்டிருந்தார். எத்தனை இடத்தில் என்று அவருக்கே தெரியாது. குசினியில் ஒரே ஓர் எண்ணை மாற்றியிருந்தால் போதும். எல்லாப் புள்ளியும் அங்கேதான் பிறக்கிறது. குசினி கொஞ்சம் கீழே இறங்கினால் பிஸ்மி, பெயர், பூ, மினாரா அத்தனையும் தானாக இறங்கும். அதைச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. நான் சாய்ந்தமருதுக்குப் போய்ச் செய்யலாமென்றால், எனக்குப் பெண்பார்க்கிற பேச்சு நடக்கிற நேரம், ரோட்டில் கால் வைக்க உம்மா விடமாட்டார்.

"பெட்டியயும் கெசட்டயும் கொண்டுவாங்க. டீவியையும் கொண்டுவாங்க. எவ்வளவு தின்னுது எண்டு அந்த டீவியிலதான் பாக்க ஏலும்" என்றேன்.

ஓம் என்று போனார். இதில் ஒருவருக்கும் ஒரு வில்லங்கமும் தெரியவில்லை. எனக்கு எண்ணைப் பற்றித்தான் யோசனை. காக்காவுக்கு வெள்ளிக்கிழமையைப் பற்றித்தான் யோசனை. மதினி தன் கட்டில் விரிப்பை எடுத்து டீவியைச் சுற்றி, தள்ளுவண்டிலில் ஏற்றவும் ஒரு கை பிடித்தாராம்.

அடுத்த நாள் காலை, கடைகள் திறந்து சனம் நடமாடுகிற நேரம், ஒரு புது மாப்பிள்ளை சீதன டீவியைச் சீதன விரிப்பில் சுற்றித் தள்ளுவண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு மனைவி வீட்டிலிருந்து தாய் வீட்டுக்கு வந்தார். எங்கள் ஊரில் இதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு.

செய்தி எங்களுக்கு வருவதற்கு முன்னர் சவளக்கடை வயல்வெளிக்குப் போய்விட்டது. வாப்பா அங்கே வயலில் நின்றார். கால் சேறு காயாமல், சைக்கிளை முற்றத்தில் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"என்ன நடந்த? என்னத்துக்கு உட்டுட்டு வந்த?"

"டீவி சரியில்ல வாப்பா" என்றார் காக்கா.

"டீவி சரியில்லாட்டி பொஞ்சாதிய உடுறதா?"

உம்மா அப்போதுதான் விளங்கிக்கொண்டு, அல்லாவே என்று நிலத்தில் இருந்துவிட்டார். காக்கா திரும்ப விளக்கினார். விளக்க விளக்க வாப்பாவுக்குச் சந்தேகம் கூடியது.

பின்னேரம் அசர் தொழுகை முடிந்து இரண்டு மரைக்கார்மார் வந்தார்கள். பள்ளிவாசலில் தாய்வழிக் குடிக்கு ஒருவராக இருந்து வழக்குத் தீர்க்கிறவர்கள். ஒருவர் எங்கள் குடிக்கு மரைக்கார், வயதானவர். மற்றவர் மதினியின் பக்கத்து மரைக்கார். முன்மண்டபத்தில் இருந்தார்கள். நான் உள்ளறைத் திரைச்சீலைக்குப் பின்னால் பெட்டியைக் கையில் அணைத்துக்கொண்டு நின்றேன். காக்கா 'சும்மா ஒரு திருத்தத்துக்குக் கொண்டுவந்தேன், கொண்டுபோகிறேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் கதை முடியும். டீவியும் பெட்டியும் அந்த நிமிடமே வண்டிலில் ஏறும். ஊருக்குப் பயந்து இனி ஒருக்காலும் அந்தப் பெட்டி இந்த வாசலுக்கு வராது.

"பொண்ட பக்கம் என்ன குறை தம்பி?" என்று கிழவர் தொடங்கினார்.

"ஒரு குறையுமில்ல."

"குறையில்லாம ஒரு மாப்புள சீதன டீவியத் தூக்கிட்டு வாறல்ல."

"திருத்தக் கொண்டுவந்தன்."

"இஞ்ச ஆர் திருத்துற?" என்றார் மற்றவர். "நீங்கதானே மாஸ்டர். அங்க இரிந்து திருத்த ஏலாதா?"

காக்கா அந்தச் சிரிப்பைச் சிரித்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். திரைச்சீலையின் ஓரத்தால் பார்த்தேன். சிரிக்கவில்லை. வியர்த்திருந்தது.

"அந்த எழுத்து, பூ, மினாரா ஒண்டும் நான் செய்யிறல்ல," என்றார். "முதல்ல இரிந்தே தங்கச்சிதான். எனக்கு முன்னால இரிந்து தட்டத்தான் தெரியும். உள்ளுக்கு என்ன இரிக்கி எண்டு எனக்குத் தெரியா."

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அப்போது மற்ற மரைக்கார் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, குமர்ப்புள்ள. ஒண்டுமறியாதது. உங்கட பிரச்சினைய அதுட தலையில போடாதீங்க."

அவர்களுக்குக் காக்கா மனைவியை விட்டுவிட்டு வந்தது நம்பக்கூடியதாக இருந்தது. இது நம்பக்கூடியதாக இல்லை. என் கண்ணீர் அந்த இடத்திலேயே வற்றியது. ஒண்டுமறியாததாம்.

கிழவர்தான் யோசித்துவிட்டு, "அப்ப ஒரு மினாரா போடச் சொல்லுங்க. பாப்பம்" என்றார்.

டீவியை முன்மண்டபத்து மேசையில் வைத்தார்கள். பெட்டி திரைச்சீலைக்கு இந்தப் பக்கம். வயர் திரைக்கு அடியால் போனது, நல்லவேளை எட்டியது. கெசட்டைப் போட்டேன். அது கீச்சென்று கத்தத் தொடங்கியதும் மரைக்கார்மார் காதைப் பொத்தினார்கள். உம்மா கரண்ட் போகக் கூடாதென்று சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்று ஓதிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் முடிவதற்குள் தேத்தண்ணியும் போய்விட்டது, ஆர் ஊற்றியது என்று தெரியாது.

காக்கா டீவியில் தெரிந்த வரிகளை வாசித்துச் சொல்ல, அவர் செருகி வைத்தவற்றை ஒவ்வொன்றாகத் தேடி அழித்தேன். முன்மண்டபத்தில் இருமல்கள் கேட்டன. பிறகு ஒன்பதாயிரத்துக்குப் போய்ப் புள்ளி தொடங்குகிற இடத்தைக் கீழே இறக்கினேன். ஒரே ஓர் எண். பிறகு ஆயிரத்திலிருந்து ஓடவிட்டேன்.

நான் நின்ற இடத்துக்கு டீவி தெரியாது. சத்தத்தைத்தான் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மற்ற மரைக்கார், "பிஸ்மி" என்றார். "முழுசா வந்திரிக்கி" என்றது காக்காவின் குரல். பிறகு பிறை வந்திருக்க வேண்டும். மினாரா அடியிலிருந்து மெதுவாக எழும்பும். சட்டப்படி அறை அறையாகக் கேட்டுக்கொண்டு வருவதால் அவசரப்படாது. கோப்பை ஒன்றைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் ஒசரம் வேணும்" என்றார் மற்ற மரைக்கார், காக்காவிடம். காக்கா அதைத் திரையிடம் சொன்னார். ஓர் எண்ணை மாற்றினேன். உயர்ந்தது.

"ரெண்டு பக்கமும் வேணும்." காக்கா சொன்னார். வந்தது.

"பூவக் கொஞ்சம் தள்ளினா நல்லம்." தள்ளினேன்.

டீவியையும் சீதனத்தையும் பற்றிப் பிறகு ஒருவரும் கதைக்கவில்லை. வாப்பா மட்டும், "அப்ப பொஞ்சாதியோட கோவமில்லையா?" என்று கடைசியாக ஒரு தடவை காக்காவைக் கேட்டார்.

பொழுதுபட, மக்ரிப் தொழுகைக்கு முன்னர் கிழவர் தீர்ப்புச் சொன்னார். "சீதன டீவி பொண்ட ஊட்டுச் சாமான். மாப்புள அத இப்பவே கொண்டு போகணும். சிரிச்ச முகத்தோட போகணும், சனம் பாக்கும். பெட்டி இஞ்ச இரிக்கட்டும். வேல இஞ்சதானே நடக்குது."

"கடையில பழைய டீவி ஒண்டு இரிக்கி. அதக் கொண்டுவந்து தாறன்" என்றார் காக்கா. அன்றைக்கு எனக்குக் காக்காவை எவ்வளவு பிடித்தது என்று அவருக்குத் தெரியாது. பிறகும் சொல்லவில்லை.

எழும்பிப் போன கிழவர் வாசலில் செருப்பை மாட்டியவர், கழற்றிவிட்டுத் திரும்பி வந்தார். திரைக்கு முன்னால் நின்றார்.

"மகள், என்ட பேத்திக்கி ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பொறகு கலியாணம். பேரு கொஞ்சம் நீளம். போட ஏலுமா?"

வாப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார். காக்காவும் திறந்தார். கிழவர் கையை உயர்த்தி இரண்டு பேரையும் நிறுத்தினார்.

"நான் புள்ளயிட்டக் கேக்கிறன்."

"ஓம், ஏலும்" என்றேன். நினைத்ததை விடச் சத்தமாக வந்துவிட்டது. அந்த வீடு பிறந்த நாளிலிருந்தே என்னுடையது. என் குரல் அதன் முன்மண்டபம் வரைக்கும் போனது அன்றைக்குத்தான்.